புத்துக்கு அடியில் ஏழு பாக்கெட்

ஆடி 3, சனி

விடியும்போதே காற்று. தோப்பு முழுக்க ஊளை. மழை கறுத்துக்கொண்டு வந்து திண்டிவனம் பக்கமே கலைந்து போனது.

மேற்குத் துண்டில் பட்டைப்புழு. நாற்பத்தோரு சவுக்கில் ஓட்டை. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தி, வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சால் அடைப்பு. முன்பெல்லாம் ஒரு டின் மருந்து, அரை நாள் வேலை. இப்போது மரத்துக்கு மரம் அண்ணாந்து, குனிந்து. கழுத்து போச்சு.

மருந்து நோட்டில் எழுதினது: பட்டைப்புழு. வே.எ. அரை லிட்டர். கையெழுத்து.

அதில் எழுதாதது இங்கே. தோப்புக்குள் இருக்கிற புத்தம்மன் கிட்ட மைனா ரெண்டு செத்துக் கிடந்தது. காயம் இல்லை. அலகில் நுரை. பக்கத்தில் பெருச்சாளி தள்ளின புது மண். அதில் ஊதா நிறத்தில் குருணை மணி ஆறு, கேப்பையை விடச் சின்னது. 

அந்த ஊதா எனக்குத் தெரியும். என் கையால் புதைத்தது.

மைனாவைத் தூரமாகக் கொண்டுபோய் மண் தள்ளினேன். ஊதா மணியை இலையால் எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுப் பரணில். வளைக்குக் கல் வைத்து அடைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இது பழைய மருந்து நோட்டின் பின்பக்கம். யாரும் புரட்ட மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவன் நான். சர்ட்டிபிகேட் வந்த வருசம், மருந்து அடிக்கிறவனே எழுதிக் கையெழுத்துப் போடணும் என்று ரூல். கம்பெனி சூப்பர்வைசர் பிரபு ஆறு மாசம் உட்கார வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தான். அது இதுக்கு உதவுது. வாயால் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

ஆடி 4, ஞாயிறு

வெயில். கண்ணாடிக் கால் உடைந்து நூல் கட்டியிருக்கிறேன். கல் வைத்த இடத்தில் அப்படியே இருக்கு.

மறந்த மாதிரி இருந்தேன். மறக்கவில்லை. மூணு வருசத்துக்கு முந்தி, தை மாசம், செவ்வாய்க்கிழமை, வெயில் சாய்கிற நேரம். சட்டை கூட நினைவிருக்கு, பச்சைக் கட்டம்.

நம்ம ஊர் சவுக்குக்காரர் பதினெட்டு பேர் சேர்ந்து ஒரு குழு. காட்டையும் தண்ணியையும் கெடுக்காமல் வளர்த்த மரம் என்று சர்ட்டிபிகேட் வாங்கினால்தான் காகிதக் கம்பெனி எடுக்கும். கூடாத மருந்து என்று ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். பிரபு படித்துக் காட்டினான். நான் நாற்பது வருசமாகக் கலக்கினதில் பாதி அதில் வந்தது. கரையானுக்குப் போடுகிற ஊதாக் குருணைதான் முதல் பேர்.

தோப்புக்குச் சொந்தக்காரர் ஏழுமலை, அவர்தான் குழுத் தலைவரும். நான் அவருக்குக் காவலும் மருந்தும். மறுநாளே முதலாவது ஆடிட்டு, சர்ட்டிபிகேட்காரர் வந்து சோதிக்கிறது. கொட்டகையில் குருணை ஏழு பாக்கெட், தண்ணி மருந்து ரெண்டு டின். கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். தலைவர் சொன்னது: "எங்கனா போட்டு மூடு பெருசு. எங்கன்னு எங்கிட்ட சொல்லாத."

கிணற்றில் போட மனசு வரவில்லை. கொளுத்தினால் நாற்றம் ரோடு வரைக்கும் போகும். புத்து ஒன்று இருந்தது, முழங்கால் உயரம். புத்து மேல் யாரும் ஏர் ஓட்ட மாட்டான். வடக்குப் பக்கம் ஒரு முழத்துக்கு மேல் தோண்டி, யூரியா சாக்கில் எல்லாத்தையும் போட்டுக் கட்டி இறக்கினேன். மூடினேன். கன்று நடுகிறவன் எவனாவது கடப்பாரையைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். மஞ்சள் கரைத்துப் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை ஒரு கொத்து செருகினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

எட்டு நாளில் ஒரு முட்டை வந்தது. பங்குனியில் மஞ்சள் துணி. சித்திரையில் நம்ம ஊர்ப் பொம்பளை பவுனுக்கு அருள் வந்து, நான் இங்க வந்து குந்திக்கினு எத்தினி நாளாவுது, ஒருத்தனும் தண்ணி வெக்கலியே என்று கேட்டாளாம். அப்புறம் மணி, விளக்கு, தகர ஷெட்டு. புத்து இப்போது என் மார் உயரம். நான் வளர்க்கவில்லை. கரையான் தானாகக் கட்டினது. அடியில் அதுக்கு விஷம் வைத்திருக்கு, மேலே அது கோபுரம் கட்டுது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் அவள் நிஜமாகவே வந்துவிட்டாளோ என்று பயம். மற்ற நாள் அவள் இல்லையே என்று பயம்.

ஆடி 5, திங்கள்

பல் வலி. கிராம்பு.

தனம் காலையில் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து வாயில் போட்டாள். தினம் பார்க்கிறதுதான். இன்றைக்குத்தான் அந்தச் சிட்டிகையில் ஊதா இருக்கா என்று பார்த்தேன்.

தனம் என் மருமகள். மகன் லாரியில் ஓசூர், பெங்களூர் என்று போகிறவன். கல்யாணம் ஆகி ஒன்பது வருசம் வயிறு திறக்கவில்லை. போன ஆடியில் புத்தம்மனுக்குத் தொட்டில் கட்டினாள். இப்போது ஏழு மாசம். தலைவலிக்குப் புத்துமண், கால் வீக்கத்துக்குப் புத்துமண், பயத்துக்கும் புத்துமண். எங்கே எடுக்கிறாய் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"வடக்கால பக்கம் மாமா. அம்மன் தானா தள்ளிக் குடுக்குறா. பூ மாதிரி இருக்கும், கல்லே இருக்காது."

அது பெருச்சாளி தள்ளுகிற மண்.

அவள் கண்ணைப் பார்த்தேன். பாவை பெரிசாகத்தான் இருக்கு. அந்தக் காலத்தில் என்கூட மருந்து வேலை பார்த்த கோதண்டத்தின் கண் எனக்கு மறக்காது. ரெண்டு பேரும் வெறுங்கையால் குருணையை மணலில் கலந்து மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குத் தூவினோம். அவன் கை கழுவாமல் வெற்றிலை போட்டான். அரை மணியில் எச்சில் ஒழுகியது, நிற்கவில்லை. வேர்வை. கண்ணுப்பாவை கடுகு மாதிரி சுருங்கிப் போய், என்னைப் பார்த்துக்கொண்டே யார் நீ என்றான். மாட்டு வண்டியில் திண்டிவனம் போகிறதுக்குள் முடிந்தது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு.

இன்னொன்றும் எழுதணும். சர்ட்டிபிகேட் வந்து இந்த மருந்தெல்லாம் நின்ற பிறகு என் கை நடுக்கம் நின்றது. ராத்திரி இருமல் போச்சு. ரூல் நல்ல ரூல். அதுக்குப் பயந்து நாங்கள் செய்தது கெட்டது.

ஆடி 6, செவ்வாய்

காற்று ஜாஸ்தி. கீழண்டைத் துண்டில் புதுக்கன்றைக் கரையான் தின்கிறது. வேப்பம்புண்ணாக்கு வைத்தும் வரிசைக்கு ரெண்டு மூணு சாய்கிறது.

தலைவரிடம் போனேன். டீக்கடையில் இருந்தார், ஓரமாகக் கூப்பிட்டேன். சாக்கு கிழிந்துவிட்டது, மண்ணோடு மருந்து மேலே வருது, பொம்பளைங்க அதை வாயில் போடுகிறார்கள் என்றேன். அவர் முதலில் கேட்டது யார் யாருக்குத் தெரியும் என்று. நமக்கு மட்டும் என்றேன்.

"எங்கன்னு சொல்லாதன்னுதானே சொன்னேன். போயும் போயும் அம்மனுக்கு அடியிலயா வெப்ப?"

நான் வைக்கும்போது அம்மன் இல்லை தலைவரே என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் முகம் மாறிவிட்டது. அடுத்த செவ்வாய் ஆடிட்டு. மண்ணில் மருந்து புதைத்தது தெரிந்தால் பதினெட்டு பேர் மரமும் விற்காமல் நிற்கும், வெட்டுக்கு வந்தது அவர் தோப்பு மட்டும் இல்லை. ஆடிட்டு முடியட்டும், மறுநாளே ஆளே இல்லாத நேரத்தில் எடுத்துவிடலாம் என்றார்.

அதுவரைக்கும் தனம்?

"வாணாம்னு சொல்லு. மாமனார் சொன்னா கேக்க மாட்டாளா?"

ஆடி 7, புதன்

சொன்னேன். தனத்திடம், நர்ஸம்மா மண் திங்கக் கூடாது என்றார்களாம், பூச்சி வரும் என்று. நர்ஸம்மா எப்போது சொன்னாங்க என்று கேட்டாள். 

அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, ஏரிக்கரைப் புத்தில் எடுத்த மண்ணை நிரப்பி வைத்தேன். கொட்டினதைச் சலித்துப் பார்த்தேன். ஊதா இல்லை. ஒன்று மட்டும் சந்தேகம், ஊதாவோ கறுப்போ. கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் வாயில் போட்டாள், உடனே துப்பினாள்.

"இது நம்ம புத்து மண்ணு இல்ல. உப்புக் கரிக்குது. யாரோ மாத்திட்டாங்க மாமா."

யார் மாத்தப் போறாங்க என்றேன். யாரோ கண்ணு வெச்சிட்டாங்க என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். நாளைக்கு அமாவாசை, காலையிலேயே போய் எடுத்துவருகிறேன் என்றாள்.

நான் செய்தது இதுதான். பழைய மண்ணை விட்டு, புது மண்ணுக்கு அனுப்பினது.

ஆடி 8, வியாழன், அமாவாசை

அவளுக்கு முன்னே போனேன். கல்லைச் சுற்றிப் பெருச்சாளி வேறு வளை போட்டிருக்கிறது. புது மண் ஒரு முறம். ஊதா மணி இருபதுக்கு மேல் பொறுக்கினேன். விரல் எரிவு. மேல்மண்ணைக் கொத்தி எடுத்துச் சாக்கில் கட்டும்போது பவுனு வந்துவிட்டாள்.

"இன்னா கன்னியண்ணே, அம்மன் மண்ண மூட்ட கட்டுற? ஏத்துமதியா?"

பெருச்சாளி வளை, சுத்தம் பண்றேன் என்றேன். பெருச்சாளி புள்ளையாரு வாகனமாச்சே, அத ஏன் நீ பேஜார் பண்றே என்றாள். அவள் கோழி நேற்று செத்துவிட்டதாம். வாயில் நுரை. அம்மன் பசியில் இருக்கிறாள், அதுதான் கோழியை எடுத்துக்கொண்டாள், பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை கேப்பைக் கூழ் ஊற்றணும், ஊருக்கே மண் பிரசாதம் கொடுக்கணும் என்றாள். கோழியை என்ன பண்ணினே என்று கேட்டேன். கொழம்பு வெக்கலாம்னுதான் பாத்தேன், மனசு கேக்கல, பொதச்சிட்டேன் என்றாள். வயிறு குளிர்ந்தது.

தனம் வந்து எடுத்தாள். நான் கொத்தின இடத்துக்கும் அடியில், ஈரமான இடத்தில்.

ஆடி 9, வெள்ளி

வெயில் கொஞ்சம் தாழ்வு. என் புத்தியைச் சொல்லணும்.

காலையில் பொம்பளைங்க வருகிறதுக்கு முன்னால் போய் நின்றேன். நாகம் வெளியே வந்திருக்கு, பெரிசு, சீறுது, கிட்டப் போகாதீங்க என்றேன். பயந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். எழுபது வருசமாக இந்த மண்ணில் இருக்கிறேன், இதுகூடத் தோணவில்லை எனக்கு. பத்து மணிக்குப் பால் சொம்போடு முப்பது பேர். மத்தியானம் பக்கத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோ. பாம்பு எந்தப் பக்கம் தாத்தா, படம் எடுத்துச்சா, என்ன கலர் என்று கேள்வி. ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பால் எல்லாம் வடக்குப் பக்கம் வளையில். பால் உள்ளே போகிறது, சாக்கு நனைகிறது, குருணை கரைகிறது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நனைந்த மண்ணை எல்லாரும் எடுத்தார்கள். நெற்றியில், பிள்ளைகள் வயிற்றில், கொஞ்சம் நாக்கில். நான் எண்ணினது பதினொரு பேர். பேர் எல்லாம் தெரியும். எழுதவில்லை.

ஆடி 11, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. ஒவ்வொரு வீடாக நடந்தேன், சும்மா போகிற மாதிரி. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு குழந்தைக்கு வாந்தி, மாம்பழம் என்றார்கள். கண்ணைப் பார்த்தேன். சரியாக இருக்கு.

பிரபு ஆடிட்டு ஒத்திகைக்கு வந்தான். கையுறை, முகமூடி, பூட்ஸ், எல்லாம் போட வைத்து போட்டோ. கூடாத மருந்து ஏதாவது போடுறீங்களா தாத்தா என்று ஆடிட்டு மேடம் மாதிரி குரலை மாற்றிக் கேட்டான். இல்லம்மா. காலி டின் என்ன பண்றீங்க? மூணு தடவை கழுவி, ஓட்டை போட்டு, ரூம்ல பூட்டி வைக்கிறோம்மா. சூப்பர் என்றான். நல்ல பையன். அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. தலைவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

தனம் நான் அடிக்கடி கண்ணைப் பார்க்கிறதைக் கவனித்துவிட்டாள். என்ன மாமா, புள்ள ஆணா பொண்ணான்னு கண்ணுல தெரியுமா என்று சிரித்தாள்.

ஆடி 13, செவ்வாய்

ஆடிட்டு. வானம் மூடி இருந்தது, மழை இல்லை.

மேடம் முப்பத்தைந்து வயசு இருக்கும். வெளியூர்த் தமிழ். தலைவரையும் பிரபுவையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னோடு தனியாகத் தோப்பில் உட்கார்ந்தார். ஐயா, நீங்க எத்தனை வருஷமா மருந்து அடிக்கிறீங்க என்று ஆரம்பித்தார். சொன்னேன். எந்த வருசம் எந்தப் பயிருக்கு எது என்று வரிசையாகச் சொன்னேன், டின் கலர் முதற்கொண்டு. வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி, கரையானுக்கு என்ன போட்டீங்க, அதை விட்டுட்டீங்களே என்றார்.

நினைவில்லை என்றேன்.

என் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னையே பார்த்தார். நம்பவில்லை. ஆனால் எழுதினார்.

அப்புறம் புத்து. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். இது எத்தனை காலமா இருக்குங்க என்று கேட்டார். தலைவர் முந்திக்கொண்டு, எங்க பாட்டன் காலத்திலிருந்து என்றார். பவுனு அதுக்குத் தலையாட்டினாள், நம்பித்தான் ஆட்டினாள். மூணு வருசத்தில் ஊருக்கே மறந்துபோச்சு. மேடம் மேப்பில் ஒரு வட்டம் போட்டார். மக்கள் கும்பிடுகிற இடத்தைப் பாதுகாக்கணும் என்று ரூலாம். சுற்றிப் பத்தடிக்கு மருந்து அடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, போர்டு வைக்கணும்.

தோண்டக் கூடாது.

பவுனு மண் அள்ளி மேடம் கையில் கொடுத்து வாயில் போடச் சொன்னாள். மேடம் நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியைக் கர்சீப்பில் முடிந்தார். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. கர்சீப் அவர் பையில் போகுது.

ஆடி 14, புதன்

தலைவர் வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு எடுத்துவிடலாம் என்றாரே. கேசரி கொடுத்தார். ஆடிட்டு நல்லபடியாக முடிந்ததாம்.

"போர்டு வெச்சாச்சி பெருசு. இனிமே அங்க மம்பட்டி போட்டா நாமளே ரூல மீறின மாதிரி. உட்டுடு. மழ வந்தா தன்னால கரஞ்சி போவும்."

கரைந்து எங்கே போகும் என்று கேட்டேன். கேசரி எப்படி இருக்கு என்றார்.

போர்டு பச்சையும் வெள்ளையும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதுகாக்கப்பட்ட இடம். இங்கு தோண்டாதீர்.

ஆடி 15, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

காலையில் தனம் வாந்தி. ரெண்டு தடவை. எச்சில் ஊறுது மாமா, வாயே கூசுது என்றாள். வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்தேன். சின்னதாக இருக்கு. வெளிச்சத்தில் எல்லாருக்கும் சின்னதாகத்தான் ஆகும். உள்ளே கூட்டிவந்து பார்த்தேன். கொஞ்சம் பெரிசானது. போதுமா? தெரியவில்லை. கோதண்டத்தினுடையது உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். அதை நினைத்துக் கொஞ்சம் தைரியம்.

பித்த வாந்திதான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஏழாம் மாசத்தில் வருமா? சில பேருக்கு வருமாம்.

நாளைக்குக் கூழ். ஊருக்கே மண்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாம். சாக்கு, ஏழு பாக்கெட், மஞ்சள், வேப்பிலை, பெருச்சாளி, மைனா. பரணில் இருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினேன். ஊதா மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான் பத்து மாசமா இதத் தின்றேன் மாமா."

பெருச்சாளி இப்போதுதான் சாக்கைக் கடித்திருக்கு, முன்னால் தின்றதில் மருந்து இருக்காது என்றேன். அது எனக்கே நிச்சயம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கிளம்பு என்றேன். நாளைக்குக் கூழுக்கு வருகிறவர்கள் எல்லாம் வாயில் போடுவார்களே என்றாள். அதை முடித்துவிட்டுப் போகலாம் என்றாள். வேண்டாம், இப்பவே போகலாம் என்றேன். பஸ்ஸை விட்டுவிட்டோம். அவள் விட வைத்தாள்.

மகனுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆடி 16, வெள்ளி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். விழுப்புரம். சாயங்காலம்.

காலையில் கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் போட்டேன். ஒருத்தரும் சொல்லாமல் நானாகப் போட்டது இதுதான் முதல் தடவை. மம்பட்டி. தனம் கூட வந்தாள், காற்று வருகிற பக்கம் தூரமாக நிற்க வைத்தேன். கூழ் அண்டா வந்துவிட்டது. ஐம்பது அறுபது பேர். என்னைப் பார்த்து ஒருத்தன், இன்னா தாத்தா, அம்மனுக்கு மருந்து அடிக்கப் போறியா என்றான். சிரித்தார்கள்.

போர்டைப் பிடுங்கிப் படுக்க வைத்தேன். சிரிப்பு நின்றது.

முதல் வெட்டிலேயே பவுனு ஓடிவந்து மம்பட்டியைப் பிடித்துக்கொண்டாள். கெட்டுப் போய்டுவே அண்ணே, குடும்பமே கெட்டுப் போய்டும் என்று நடுங்குகிறாள். இந்தப் புத்துக்கு மஞ்சள் வைத்தது நான்தான் பவுனு, அடியில் விஷம் இருக்கு என்றேன். கேட்கவில்லை. ரெண்டு பேர் என்னைப் பின்னால் இழுத்தார்கள், ஒருத்தன் முதுகில் குத்தினான். தனம்தான் வந்தாள், வேண்டாம் என்று சொல்லியும். அந்த டப்பாவை எல்லார் முன்னாலும் கவிழ்த்துக் கொட்டினாள்.

"அவரத் தோண்ட உடுங்க. வயித்துல இருக்கறது எம்புள்ள."

விட்டார்கள்.

ஒரு முழம் போனதும் சாக்கு. வடக்குப் பக்கம் பூராக் கடித்துக் கந்தல். பாக்கெட் நாலு முழுசு. ரெண்டு கிழிசல். ஒன்றில் ஒன்றுமே இல்லை, வெறும் கவர். டின் ரெண்டும் நல்லபடியாக. ஊதா பால் நாற்றத்தோடு சேறாகக் கிடந்தது. பக்கத்திலேயே பெருச்சாளி, செத்து ரெண்டு நாள் இருக்கும்.

 பின்னால் ஒரு பொம்பளை வாயில் விரலை விட்டுத் துப்ப ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அதைப் பார்க்க முடியவில்லை என்னால்.

கூழுக்கு வந்திருந்த பிரபு மேடத்துக்குப் போன் பண்ணினான். பக்கத்து ஊர் ஆடிட்டுக்காக அவர் திண்டிவனம் லாட்ஜில் இருந்தார். முக்கால் மணியில் வந்துவிட்டார். திட்டவில்லை. மூடி போட்ட டிரம்மில் எல்லாத்தையும் அள்ள வைத்து, மண்ணையும் சேர்த்து அள்ள வைத்து, கயிறு கட்டினார். வாயில் போட்டவர்கள் எல்லாரையும் வேனில் ஏற்றச் சொன்னார். கர்சீப்பை எடுத்து டிரம்மில் போட்டார். அப்புறம் என்னிடம், நினைவில்லைன்னு சொன்னீங்களே என்றார். அவ்வளவுதான். எழுதிக்கொண்டார். சர்ட்டிபிகேட் இருக்குமா போகுமா என்று தலைவர் கேட்டார், அறிக்கையில் வரும் என்றார். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பவுனு மட்டும் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேனில் ஏறச் சொன்னால் ஏறவில்லை. பாதிப் புத்து இன்னும் நிற்குது.

ஆடி 17, சனி

ஆஸ்பத்திரி. பெஞ்சு. மின்விசிறி சுற்றுது, காற்று இல்லை.

வேனில் வந்த மற்ற ஒன்பது பேரையும் அனுப்பிவிட்டார்கள், ஒன்றும் இல்லை என்று. தனத்தை இருக்கச் சொல்லிவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு என்ன என்று கேட்டால் பெரிய டாக்டர் வரட்டும் என்கிறார்கள். நர்ஸ் வயிற்றில் ஏதோ வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் போனாள். அந்த முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஒன்று தின்றாள்.

மகன் போன் பண்ணினான், விக்கிரவாண்டி டோல் தாண்டிவிட்டானாம். ஊரிலிருந்து யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். நீ பொதச்சியாப்பா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

தனம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மண்ணு வாயில இருந்த வரைக்கும் எனக்கு பயமே இல்ல மாமா. எல்லாம் நல்லபடியா ஆவும்னு இருந்துச்சி. நீங்க தோண்டினீங்க பாருங்க, அப்பலேர்ந்துதான் பயம்."

தப்புதாம்மா என்றேன். எதைச் சொன்னேன் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிள்ளை அசையுதா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் கை வயிற்று மேல் இருக்கு. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளை உதைத்து அதைத் தூக்கிப் போடுகிறதா என்று.

ஸ்கேன் பத்து மணிக்கு. இப்போது ஒன்பதே கால்.